கச்சான் காலத்தில் ஒரு கல்வெட்டுப் பயணம்: திருகோணமலைக் காட்டில் நேர்ந்த வெப்பத்தாக்கு

பின்னணி

திருகோணமலை நகரில் சில ஆண்டுகளாக இயங்கிவரும் ஒரு சிறிய வாசிப்பு வட்டத்தின் பயணத்தில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். பயண ஏற்பாட்டைச் செய்தவள் நான். பாதிக்கப்பட்ட இளைஞர் எழுதச் சம்மதித்திருக்கிறார். இதை வாசித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார். யாருடைய பெயரையும் இங்கே தரவில்லை.

எங்கள் வட்டம் மாதம் ஒருமுறை கூடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை மாவட்டத்தின் பழைய இடங்களைப் பார்க்கப் போவோம். பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருக்கும் இரட்டைக் கயல் சின்னத்தில் தொடங்கினோம். பின்னர் பெரியகுளம் சென்று, சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இராஜராஜப் பெரும்பள்ளி என்று குறிப்பிடும் வெல்கம் விகாரையைப் பார்த்தோம். திரியாய்க் குன்றில் வணிகர் கூட்டத்தைப் பற்றிக் கிரந்த எழுத்தில் சமஸ்கிருதத்தில் பொறித்த பாறைக் கல்வெட்டையும், குச்சவெளியில் தூபி உருவங்கள் செதுக்கிய கடலோரப் பாறையையும் பார்த்துவிட்டோம். இவை எல்லாம் வாகனத்தில் போய் இறங்கி, சிறிது தூரம் நடந்தால் கிடைக்கும் இடங்கள்.

இந்தத் தடவை போன இடம் அப்படியானதல்ல. மாவட்டத்தின் உட்பகுதியில், காட்டுக்குள், இரண்டு பாறைத் தொடர்களுக்கு நடுவே ஒரு காட்டாறு ஓடுகிறது. மாரியில் கரை புரளும். ஆனி, ஆடி, ஆவணியில் வெறும் மணல். அந்தப் பாறை இடுக்கின் முடிவில் மேலே ஏறினால் ஒரு குகை இருக்கிறது. அதன் நெற்றியில் கற்புருவம் வெட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரு வரி பிராமி எழுத்து. மழைநீர் பாறை முகப்பில் வழிந்து குகைக்குள் போகாமல், புருவத்தில் தடைப்பட்டு வெளியே சொட்டும்படி செய்த வேலை அது. இலங்கையில் இப்படிப்பட்ட குகைகள் பல நூறு உண்டு. கிறிஸ்துவுக்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி, பிக்குகள் தங்குவதற்கென்று கொடுக்கப்பட்டவை. 'பருமக' இன்னாருடைய 'லெணெ', சங்கத்துக்கு என்பதுதான் அந்த வரிகளின் வழக்கமான அமைப்பு. லெணெ என்றால் குகை. பருமக என்பது ஊர்த்தலைவர்களின் பட்டம். அதைத் தமிழ்ப் பெருமகனோடு தொடர்புபடுத்தும் அறிஞர்களும் இருக்கிறார்கள்.

குகை இருக்கும் இடத்தின் பெயரையும் எழுதவில்லை. பாறையில் எழுத்து இருந்தால் அதன் அடியில் புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குகையின் தரையிலும் ஆள் உயரத்துக்குத் தோண்டிய குழி ஒன்றைக் கண்டோம்.

புறப்படுவதற்கு முன்

நாங்கள் ஏழு பேர். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், வயது 66, இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர். பல்கலைக்கழக மாணவர் இருவர், ஒரு தங்கையும் ஒரு தம்பியும். துபாயில் பதினொரு ஆண்டுகள் கட்டட வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய மின்வேலைக்காரர். 24 வயது இளைஞர் ஒருவர். கழகத்துக்காக உதைபந்தாட்டம் ஆடுகிறவர், எங்கள் வட்டத்தில் பிராமி எழுத்தைத் தானே படித்துத் தேர்ந்தவர், படம்பிடிப்பவரும் அவர்தான். வழிகாட்டியாகக் காட்டோரக் கிராமத்தைச் சேர்ந்த பெரியவர். தேன் எடுக்கும் குடும்பம். ஏழாவது ஆள் நான். முதலுதவிப் பயிற்சி எனக்கு உண்டு.

வன இலாகாவுக்கும் கிராம அலுவலருக்கும் அறிவித்துவிட்டே போனோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பற்றி ஆசிரியர் முன்கூட்டியே எல்லோருக்கும் விளக்கியிருந்தார். எழுத்தின் மீது சுண்ணாம்புக்கட்டி பூசக்கூடாது, மை பூசித் தாளில் படி எடுக்கக்கூடாது, கண்ணால் பார்த்து அட்டையில் வரைந்துகொள்ளலாம் என்றார். கல்வெட்டுக்குக் கேடு வராமல் பார்ப்பதற்கு நாங்கள் செலவிட்ட யோசனையில் பாதியை ஆட்களுக்குச் செலவிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே வந்திருக்காது.

காலத்தைத் தேர்ந்தெடுத்ததே முதல் பிழை. ஆவணி விடுமுறையில்தான் எல்லோருக்கும் வசதிப்பட்டது. எங்கள் பக்கத்தில் அது கச்சான் காற்றின் காலம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வரும். திருகோணமலையில் பகல் வெப்பம் 34, 35 பாகையைத் தொடுவது அந்த மாதங்களில் சாதாரணம். அது நிழலில் எடுக்கும் கணக்கு. மணலும் பாறையும் திருப்பி அடிக்கும் சூடு அந்தக் கணக்கில் சேராது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். குகைக்குப் பக்கத்தில் பாறையில் ஒரு கேணி இருக்கிறது. அங்கே நிரப்பி, வடிகட்டி, கொதிக்கவைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். அதற்கு ஆதாரம் ஒரு புகைப்படம். நண்பர் ஒருவர் எடுத்தது. கேணி விளிம்பு வரை நிறைந்து, அல்லி இலைகள்கூட மிதந்தன. வழிகாட்டிப் பெரியவர் தொலைபேசியில், "ஆடி பிறந்தால் அதில் தண்ணீர் நிற்காது, பிள்ளை" என்று சொன்னார். நான் படத்தை நம்பினேன். அந்தப் படம் தை மாதத்தில் எடுத்தது என்பது பின்னர்தான் தெரிந்தது.

காலை

நகரிலிருந்து வான் 5 மணிக்குப் புறப்பட்டது. 6.20க்குக் கிராமத்தில் இறங்கினோம். 6.30க்கு நடக்கத் தொடங்கி, 8.30க்குக் குகையை அடைந்து, 9.30க்குத் திரும்பி, 11.30க்குள் கிராமத்தில் இருப்பது என்று எழுதிவைத்திருந்தேன்.

பெரியவர் குளக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். அலைகரையில் ஏழெட்டு யானைகள். இரவு தண்ணீருக்கு வந்தவை இன்னும் காட்டுக்குள் திரும்பவில்லை; அவை போகும் பாதைதான் எங்கள் பாதையும். அவை நகரும் வரை ஒரு அடியும் வைக்கக்கூடாது என்று பெரியவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அது முழுக்கச் சரியான முடிவு. நாங்கள் 8.10க்குத்தான் புறப்பட்டோம்.

உலர் வலயக் காட்டில் நடக்கிறவர்களுக்கு இந்த இக்கட்டு எப்போதும் உண்டு. வெயிலுக்குப் பயந்தால் விடியற்காலையில் போக வேண்டும். யானைக்குப் பயந்தால் விடிந்து நன்றாக வெளுத்த பிறகு போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் நேரம் கோடையில் மிகக் குறுகியது. புறப்பாடு ஒரு மணி நாற்பது நிமிடம் பிந்தியபோது அந்த நேரம் கைவிட்டுப் போய்விட்டது. அன்றைய பயணத்தை அங்கேயே கைவிட்டு, குளக்கட்டில் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பியிருக்க வேண்டும். அந்த எண்ணம் எனக்கு வந்தது. வான் வாடகை கொடுத்தாயிற்று, மாணவர்கள் அடுத்த கிழமை பல்கலைக்கழகம் திரும்புகிறார்கள், ஆசிரியர் இந்த எழுத்தைப் பார்க்க நெடுநாள் காத்திருந்தவர். இவற்றையெல்லாம் எண்ணி வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

முதல் இரண்டு கிலோமீற்றர் காட்டுப்பாதை. பாலையும் வீரையும் முதிரையும் நிழல் தந்தன. அதன்பின் காட்டாற்று மணலில் இறங்கினோம். இரண்டு பக்கமும் இருபது, முப்பது அடிப் பாறைச் சுவர். காற்று இல்லை. மணலில் கால் புதைந்து, ஒரு அடி வைத்தால் அரை அடிதான் நகர்ந்தது. பாறைத் தொடரின் மேலால் போனால் தூரம் குறையும் என்று மாணவத் தம்பி சொன்னார். போர்க்காலத்தில் ஆட்கள் நடமாடிய மேடு அது, நடந்து பழகிய தடத்தை விட்டு விலகுவதில்லை என்று பெரியவர் மறுத்துவிட்டார்.

நான் ஆசிரியரை மட்டும் கவனித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு கால் மணி நேரமும் அவரை நிறுத்தி, தண்ணீர் குடிக்கவைத்து, தலைசுற்றல் உண்டா என்று கேட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆசிரியருக்கு எதிரே பன்னிரண்டு குறிப்புகள். இளைஞருக்கு எதிரே ஒன்றுமில்லை. அவர் ஆசிரியரின் பையையும் கமராவின் முக்காலியையும் தன் தோளில் போட்டுக்கொண்டு, முன்னே ஓடிப் படம் எடுப்பதும் பின்னே வருவதுமாக இருந்தார். எங்கள் எல்லோரையும்விட ஒன்றரை மடங்கு தூரம் அவர் நடந்திருப்பார்.

மூன்று விஷயங்கள் எங்களுக்கு அப்போது தெரியாது. மூன்று நாட்களுக்கு முன்னர் அவருக்குக் காய்ச்சல் வந்து விட்டிருந்தது. சளித் தடிமனுக்கென்று, தூக்கம் வரவழைக்கும் மாத்திரையை அன்று காலையிலும் போட்டிருந்தார். அந்த வகை மாத்திரைகள் வியர்வையைக் குறைத்து, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியை அடைக்கக்கூடியவை. மூன்றாவது, கடைசி ஏற்றத்தில் தன் இரண்டாவது போத்தலை ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டார். மூன்று மணி நேர நடையில் அவர் குடித்தது ஒரு லிட்டருக்கும் குறைவு.

குகையில்

11.05க்குக் குகையை அடைந்தோம். கேணி காய்ந்து கிடந்தது. அடியில் வெடித்த சேறும் கரடியின் கால் தடமும் மட்டும். ஏழு பேருக்கும் சேர்த்து நாலரை லிட்டர் தண்ணீர் மீதி இருந்தது.

எழுத்தைப் பார்த்ததும் தண்ணீர்க் கவலை மறந்துபோனது. டார்ச் விளக்கைப் பாறையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தபோது, வெறும் கல்லாக இருந்த இடத்தில் நிழல் விழுந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்கும் கூட. உளி இறங்கிய பள்ளத்துக்குள் பாசி காய்ந்து கறுத்திருந்தது. 'பருமக' என்ற சொல்லின் கடைசி எழுத்து தெளிவாகத் தெரிந்தது. பிராமியில் 'க' என்பது கூட்டல் குறி போன்ற ஒரு சிலுவைக்கோடு, யாரும் ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டார்கள். காலையில் வான் வண்டியில் வரும்போது, மூடுபனி படிந்த கண்ணாடியில் விரலால் அதை எழுதிக் காட்டி, எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அந்த இளைஞர்தான்.

ஆசிரியர் அவரைக் கூப்பிட்டு, "தம்பி, இதை நீங்கள் வாசியுங்கள்" என்றார். அவர் பாறையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எதை, சேர்?" என்று கேட்டார். "இந்த எழுத்தை." "தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

ஆசிரியருக்கு முன்னால் கூச்சப்படுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். மாணவத் தங்கை, அவர் நெகிழ்ந்துபோயிருக்கிறார் என்று நினைத்ததாகப் பின்னர் சொன்னார். அடுத்த முக்கால் மணி நேரத்தில் அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை. கமரா உறையில் இருந்து வெளியே வரவில்லை. அதையும் எல்லோரும் கண்டோம். வரலாற்றில் ஆசையுள்ள, படமெடுப்பதற்கென்றே வந்த ஒருவர், தான் தேடிவந்த எழுத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது களைப்பாக இருக்க முடியாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த நிகழ்வில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இந்த முக்கால் மணி நேரத்தைத்தான். நிழல் இருந்தது, தண்ணீர் கொஞ்சம் இருந்தது, அவருக்கு நினைவும் இருந்தது. அங்கேயே படுக்கவைத்து, சட்டையை நனைத்து, விசிறத் தொடங்கியிருக்கலாம்.

திரும்பும் முடிவு

12 மணிக்குத் திரும்புவதா, நிழலில் காத்திருப்பதா என்று பேச்சு வந்தது. துபாயில் இருந்தவர் காத்திருக்கச் சொன்னார். அங்கே ஜூன் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்த வெளியில் வேலை வாங்குவதை அரசு தடைசெய்திருக்கிறது. "அந்த நேரத்தில் வேலை செய்தவர்கள் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் நான் சொல்கிறேன், அக்கா. மூன்று மணிக்குப் போவோம்" என்றார்.

பெரியவருக்கு வேறு கவலை. மூன்றுக்குப் புறப்பட்டால் ஆற்று மணலைக் கடக்க ஐந்தாகும். யானைகள் தண்ணீர் தேடி அந்த இடுக்குக்குள் இறங்கும் வேளை அது, இரண்டு பக்கமும் பாறை, ஒதுங்க இடமில்லை. தண்ணீரும் போதாது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. நான் உடனே திரும்புவது என்று முடிவெடுத்தேன். மூன்றாவது ஒரு வழியும் இருந்தது: பெரியவரும் உடல்நலம் நன்றாக இருந்த ஒருவரும் மட்டும் போய், கிராமத்தில் இருந்து தண்ணீரும் ஆட்களும் கொண்டுவருவது; மற்றவர்கள் குகை நிழலில் இருப்பது, தேவைப்பட்டால் அங்கேயே இரவு தங்குவது. வீட்டுக்கு அறிவித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற எண்ணமே மனதில் நின்றதால் அது எனக்குத் தோன்றவில்லை.

12.40 அளவில், பாறை இடுக்கின் நடுவில், இளைஞர் கோணலாக நடந்தார். பெரியவர் இடப்பக்கம் திரும்ப, அவர் வலப்பக்கம் போனார். மாணவத் தம்பி கையைப் பிடித்தபோது உதறி, கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை. பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்து, மணலில் முகம்குப்புற விழுந்தார்.

தொட்டுப் பார்த்தேன். கழுத்து அடுப்பில் இருந்து இறக்கிய சட்டிபோலக் கொதித்தது. ஆனால் சட்டை நனைந்திருந்தது. "வியர்க்கிறதே, வெப்பத்தாக்காக இருக்காது" என்று ஆசிரியர் சொன்னார். தோல் காய்ந்து போனால்தான் வெப்பத்தாக்கு என்று பலரைப் போல நாங்களும் படித்திருந்தோம். முதியவர்கள் வெப்ப அலையில் வீட்டுக்குள் இருந்தபடி பாதிக்கப்படும்போது பெரும்பாலும் அப்படி இருக்கும். உழைத்து, ஓடி, நடந்து விழுகிறவர்களுக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். உடற்சூடு 40 பாகையைத் தாண்டுவதும் புத்தி தடுமாறுவதும்தான் அடையாளம். வெப்பமானி எங்களிடம் இல்லை. தடுமாற்றம் கண் முன்னால் இருந்தது.

மணல் ஊற்று

மாணவர்கள் முக்காலியையும் இரண்டு சாரத்தையும் வைத்துக் காவுகட்டில் செய்து, உடனே தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றார்கள். கிராமம் இன்னும் மூன்றரை கிலோமீற்றர். அந்த மணலில், அந்த வெயிலில் குறைந்தது இரண்டு மணி நேரம். பயிற்சியில் சொல்லித்தந்த ஒன்று மட்டும் எனக்கு அப்போது தெளிவாக நினைவிருந்தது: முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ. மூளையும் சிறுநீரகமும் ஈரலும் அந்தச் சூட்டில் ஒவ்வொரு நிமிடமும் கெடும். அரை மணி நேரத்துக்குள் உடற்சூட்டை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். தூக்கிக்கொண்டு ஓடினால் வைத்தியசாலைக்கு உடல்தான் போய்ச் சேரும் என்று பயந்தேன். இங்கேயே குளிர்விப்போம் என்று சொன்னேன்.

தண்ணீர் எங்கே என்பதுதான் கேள்வி. எங்களிடம் இருந்தது ஒன்றரை லிட்டர்.

பெரியவர் ஒன்றும் பேசாமல் ஆற்றின் வளைவைப் பார்த்து நடந்தார். எண்பது, நூறு அடி தள்ளி, பெரிய மருதமரம் ஒன்றின் வேர்கள் கரையைப் பிடித்துக்கொண்டு நின்றன. அதன் கீழே, வளைவின் வெளிப்புறத்தில், மணலில் ஒரு பள்ளம். சுற்றிலும் யானையின் காலடி, காயாத லத்தி. யானைகள் முன்னங்காலால் மணலைக் கிளறி, ஊறி வரும் தண்ணீரைத் தும்பிக்கையால் உறிஞ்சிவிட்டுப் போன இடம். பெரியவர் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அதை ஆழமாக்கினார். முழங்கை மறையும் ஆழத்தில் மணல் கறுத்தது. பிறகு அடியில் ஒரு பளபளப்பு. பழுப்பு நிறத் தண்ணீர் மெல்ல மெல்ல ஊறி, உள்ளங்கை அளவுக்கு நின்றது.

இளைஞரை மருதமர நிழலுக்குத் தூக்கினோம். சட்டையையும் சப்பாத்தையும் கழற்றினோம். மூன்று சாரங்களை அந்தச் சேற்றுத் தண்ணீரில் நனைத்து, ஒன்று கழுத்திலும் மார்பிலும், ஒன்று அக்குள் முதல் இடுப்பு வரை, ஒன்று தொடைகளில். போர்த்தியபடி விட்டுவிட்டால் துணியே சூடாகிவிடும் என்பதால், ஒன்றை எடுக்கும்போது அடுத்ததை நனைத்துப் போட்டுச் சுற்றில் மாற்றிக்கொண்டே இருந்தோம். எழுத்தைப் பார்த்து வரையவென்று கொண்டுபோன பெரிய அட்டையால் மாணவத் தங்கை விசிறினார். நாற்பது நிமிடம் ஓயவில்லை, கை மாற்றக் கேட்டபோதும் கொடுக்கவில்லை. ஆசிரியர் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, வாந்தி வந்தால் மூச்சு அடைக்காதபடி முகத்தை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார்.

பனடோல் கொடுப்போமா என்று கேட்டார் துபாயில் இருந்தவர். வேண்டாம் என்றேன், காய்ச்சலுக்கு வேலை செய்யும் மருந்து வெயில் சூட்டைக் குறைக்காது. ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைத் தூளைக் கரைத்து வாயில் விடவும் ஒருவர் முயன்றார். நினைவு தப்பியவர் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். அந்தத் தண்ணீரையும் துணியில் ஊற்றினோம்.

துபாயில் இருந்தவரும் மாணவத் தம்பியும் பாறை மேல் ஏறினார்கள். 1.25க்குத் தொலைபேசிக் கோபுரத்தின் சைகை கிடைத்து, 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்தார்கள். அம்புலன்ஸ் குளக்கட்டு வரைதான் வர முடியும். அடுத்த அழைப்பு பெரியவரின் மகனுக்கு. லேண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தோடு ஆற்று மணல் வழியாக வரச் சொன்னார்கள்.

1.45 அளவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது கண் திறந்தார். ஐந்து நிமிடம் கழித்து, "குளிருது அம்மா" என்றார். என்னை அம்மா என்று நினைத்திருக்கிறார். உடல் நடுங்கத் தொடங்கியதும் துணி மாற்றுவதை நிறுத்தி, விசிறுவதை மட்டும் தொடர்ந்தோம்.

2.30க்கு லேண்ட்மாஸ்டர் வந்தது. பெட்டியில் வைக்கோலும் அதன் மேல் பாயும் போட்டிருந்தார்கள். மூன்று கான் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். நாங்கள் ஏறிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஊற்றடிக்குத் திரும்பிப் போனார். நாங்கள் மிதித்துச் சரித்த மணலை வெளியே அள்ளி, பள்ளத்தை அகலமாக்கி, கிடந்த துணித்துண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். "மாலையில் அவை வரும்" என்றார். அவருடைய நகங்களுக்குள் மணலும் இரத்தமும் இருந்ததை லேண்ட்மாஸ்டரில்தான் கவனித்தேன்.

பிறகு நடந்தவை

3.15க்குக் குளக்கட்டில் அம்புலன்ஸ் ஊழியர்கள் அவரைப் பொறுப்பேற்றார்கள். அப்போது உடற்சூடு 38.6 பாகை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் குளிர்வித்த பிறகும் அவ்வளவு இருந்தது. விழுந்தபோது எவ்வளவு இருந்திருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

காய்ச்சல் வரலாறு இருந்ததால் வைத்தியசாலையில் டெங்கு, எலிக்காய்ச்சல் இரண்டுக்கும் பரிசோதித்தார்கள், இரண்டும் இல்லை. சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனது. தசை நார்கள் சூட்டில் சிதைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் அறிகுறி அது. நான்கு நாட்கள் தொடர்ந்து நாளத்தில் சேலைன் ஏற்றி, சிறுநீரகத்தின் நிலையைத் தினமும் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் அளவுகள் இறங்கின. ஏழாம் நாள் வீடு திரும்பினார். இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படவில்லை. குளிர்விப்பது அரை மணி நேரம் பிந்தியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார். ஒருமுறை வெப்பத்தாக்குக்கு ஆளானவர் சில காலம் சூட்டைத் தாங்கமாட்டார் என்பதால், மூன்று மாதம் மைதானத்துக்குப் போகவில்லை.

அவருடைய தாயாரிடம் போய் உட்கார்ந்த அந்த மாலையைப் பற்றி விரிவாக எழுத விரும்பவில்லை. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "காய்ச்சல் வந்து எழும்பிய பிள்ளை என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையா?" ஒருவரும் சொல்லவில்லை என்பது உண்மை. நான் கேட்கவில்லை என்பதும் உண்மை.

ஆற்று மணலில் இறங்கியது வரைதான் இளைஞருக்கு நினைவிருக்கிறது. ஏற்றம், குகை, எழுத்து, திரும்பிய வழி எதுவும் இல்லை. அந்தக் கல்வெட்டை அவர் பார்க்கவே இல்லை என்பதுதான் அவருடைய கணக்கு.

எங்கே தவறினோம், எதை மாற்றினோம்

யானைக்காகக் காத்திருந்தது சரி. மணலிலேயே நிறுத்திக் குளிர்வித்தது சரி. வாயில் எதையும் ஊற்றாதது சரி. இவற்றைத் தவிர அன்று நான் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை பிழை. அவற்றுள் பெரியது, ஆபத்து யாருக்கு வரும் என்பதை வயதை வைத்துத் தீர்மானித்தது. ஆசிரியர் மெதுவாக நடந்தார், அடிக்கடி உட்கார்ந்தார், கேட்டுக் கேட்டுக் குடித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பலசாலி என்று நாங்கள் நம்பியவர் எல்லோருடைய சுமையையும் தூக்கி, தன் தண்ணீரையும் கொடுத்து, தனக்கு முடியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு விழுந்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்னால் "எனக்கு ஏலாது" என்று சொல்லமாட்டார்கள். அதை நல்ல வளர்ப்பு என்று பாராட்டுகிறோம். அப்படிப் பாராட்டுகிறவர்கள்தான் அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கவும் வேண்டும்.

இப்போது பயணத்துக்கு முதல் நாள் மாலை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசுகிறோம்: கடந்த பத்து நாளில் காய்ச்சல், வயிற்றோட்டம் உண்டா, என்ன மாத்திரை, இரவு தூங்கினாரா. எல்லோருக்கும் முன்னால் கேட்டால் உண்மை வராது. காட்டில் இருவர் இருவராகச் சோடி சேர்க்கிறோம். தன் சோடி குடித்ததையும் சிறுநீர் கழித்ததையும் மற்றவர் சொல்ல வேண்டும். ஒருவருடைய போத்தல் ஒருவருக்கே. ஏற்பாட்டாளரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. பேச்சு மாறினால், கோபம் வந்தால், வழக்கமாகச் செய்வதை ஒருவர் செய்யாமல் விட்டால், பயணம் அந்த இடத்திலேயே நிற்கும். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். வழியில் கிடைக்கும் என்ற நம்பிக்கையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெப்பமானி ஒன்று முதலுதவிப் பெட்டியில் இருக்கிறது. காலை 7.30க்குள் நடக்கத் தொடங்க முடியாவிட்டால் அன்று போவதில்லை. இந்த முடிவு வழிகாட்டியின் கையில், வான் வாடகை எங்கள் பொறுப்பு. ஆனி முதல் புரட்டாதி வரை பாறை இடுக்குகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டோம்.

அடுத்த மாசியில், மழை விட்டு ஆறு வடிந்த பிறகு, அதே ஏழு பேரும் மறுபடி போனோம். முழங்கால் தண்ணீரில் நடந்தோம். மருதமரத்தடி ஊற்று ஆற்றுக்குள் மூழ்கிக் கிடந்தது. 9.10க்குக் குகையில் இருந்தோம். இளைஞர் டார்ச்சை வாங்கி, தானே சாய்வாகப் பிடித்து, வரியின் தொடக்கத்தில் இருந்து ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக வாசித்தார். சிலுவைக்கோட்டில் வந்து நின்று திரும்பி ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் தலையசைத்தார், அவ்வளவுதான். அவரால் பேச முடியவில்லை.

கேணி அன்று விளிம்பு வரை நிறைந்திருந்தது. நண்பரின் பழைய படத்தின் பின்புறம் 'தை' என்றும், அந்த ஆவணியில் மாணவத் தம்பி எடுத்திருந்த வறண்ட கேணியின் படத்தின் பின்புறம் 'ஆவணி' என்றும் எழுதி, இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.